சப்வூஃபர் தேர்வுக் குழு

ஒரு மனிதன் பணி ஓய்வு பெற்ற பிறகு தன் சொந்த வீட்டில், தன் சொந்த மனைவியோடு உட்கார்ந்து ஒரு படம் பார்க்க விரும்புவது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் குற்றமாகச் சொல்லப்படவில்லை. பிரிக்பீல்ட்ஸ் சிவகுருநாதன் இதை நன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்த விருப்பத்தையே கொண்டார்.

உண்மையில் விருப்பம் அவருடையதல்ல. அவருடைய மனைவி கனகேஸ்வரியுடையது. சிவகுருநாதன் தளவாட இலாகாவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து, தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, 1994இல் ஓய்வு பெற்றார். அந்த முப்பத்தாறில் முப்பது வருடம் கனகேஸ்வரி அவருக்கு மனைவியாக இருந்தார். இந்த முப்பது வருடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு படத்தைக்கூட ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்த்ததில்லை. கோப்பு இருக்கும், கூட்டம் இருக்கும், ஆண்டுக் கணக்கெடுப்பு இருக்கும். ஓய்வு பெற்ற அன்று மாலை, கழுத்தில் பிரிவுபசார மாலையோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து கனகேஸ்வரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இனியாவது எனக்குப் பக்கத்தில இருந்து ஒரு முழுப் படம் பாப்பீங்களோ?"

"ஓம், நிச்சயமா. தீபாவளி அண்டைக்குப் பின்னேரம் மூண்டு மணிக்கு" என்றார் சிவகுருநாதன். மாலையைக் கழற்றுவதற்குள் அதைக் குறிப்பேட்டிலும் பதிந்துவிட்டார்.

இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஹாலில் டிவி இருந்தது, வீடியோ டெக் இருந்தது, தெருமுனையில் கேசட் கடையும் இருந்தது. ஆனால் இடையில் பங்சார் வந்துவிட்டது.

பணக்காரர்கள் குடியிருக்கும் பங்சாரில் ராதாகிருஷ்ணன் இருந்தார். ஒரு காலத்தில் சிவகுருநாதனின் இலாகாவில் டைப்பிஸ்டாக இருந்து, வேலையை விட்டு, வியாபாரம் செய்து, மலைமேல் வீடு கட்டியவர். அந்த வருடம் பங்சாரில் வீட்டுக்குள்ளேயே தியேட்டர் அறை வைப்பதுதான் மரியாதை. மீன்தொட்டி, பார் கவுண்டர் எல்லாம் பழசாகிவிட்டன. ராதாகிருஷ்ணன் தன் பழைய மேலதிகாரியை அழைத்துப் போய் இருட்டறையில் உட்கார வைத்து, படத்தில் ஒரு பாலத்தை வெடிக்கச் செய்தார். சிவகுருநாதனின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை தானாக ஆடியது.

"அது சப்வூஃபர் சார், இடி முழக்கத்துக்குன்னே தனி ஸ்பீக்கர்" என்றார் ராதாகிருஷ்ணன் அடக்கமாக. "இது இல்லாம படம் பாக்கிறது பாக்கிறதே இல்ல."

தனக்குக் கீழே டைப் அடித்த ஒருவன் வீட்டில் கோப்பை ஆடுகிறது, தன் வீட்டில் ஆடவில்லை. ஒரு தலைமைக் கிராணியால் தாங்கக்கூடிய விஷயமா இது? அன்று முதல் ஹால் டிவியைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையே பின்னறையை ஒழித்து, அதை 'வீட்டுத் திரையரங்க அறை' என்று அறிவித்தார். அதற்குரிய ஒலிபெருக்கிகளையும் சப்வூஃபரையும் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர், சிவகுருநாதன். செயலாளர், கனகேஸ்வரி, தேத்தண்ணிப் பொறுப்பும் அவருக்கே. தொழில்நுட்ப உறுப்பினர், பக்கத்து வீட்டுக் கன்னையா.

கன்னையா செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் இரும்பு அடித்தவர். இடக்காது சுத்தமாகப் போய்விட்டது, வலக்காது அரைகுறை. ஒலிபெருக்கி தேர்ந்தெடுக்க இவரா என்று கனகேஸ்வரி கேட்டதற்குத் தலைவர் விளக்கம் தந்தார்.

"சத்தத்தால அவருக்கு இனி லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இப்படி நடுநிலையான ஆளை எங்க தேடுறது?"

முதல் கூட்டத்தில் கன்னையா எழுந்து நின்று ஒரு யோசனை சொன்னார். "சார், நேரா கடைக்குப் போயி, நாலு ஸ்பீக்கர கேட்டுப் பாத்துட்டு, நல்லா இருக்கிறத வாங்கிட்டு வந்துரலாம்லா."

சிவகுருநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கன்னையா, காதால கேட்டு வாங்கிறது ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். உமக்கு நல்லா இருக்கிறது எனக்கு நல்லா இருக்காது. நாளைக்குக் கணக்குப் பாக்க ஒடிட் வந்து 'ஏன் இதை எடுத்தனீர்?' எண்டு கேட்டா, 'காதுக்கு நல்லா இருந்தது' எண்டு எழுத முடியுமோ?"

"ஒடிட் யார் சார் வரப் போறா, உங்க வீட்டுக்கு?"

"வந்தால்?"

இந்தக் கேள்விக்கு இலாகாவிலேயே முப்பத்தாறு வருடமாக யாரிடமும் பதில் இருந்ததில்லை. ஆகவே ஒலிபெருக்கிகளை எடை, நிறம், திருகாணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கொண்டு தேர்வது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. தளவாட இலாகா நாற்காலியையும் மின்விசிறியையும் அப்படித்தான் வாங்கியது. எடை கூடிய மின்விசிறிதான் சிறந்தது என்று வாங்கி, அதைத் தாங்கக் கூரை இல்லாமல் ஏழு வருடம் தரையில் வைத்திருந்தார்கள். ஆனால் கோப்பில் ஒரு குறை கிடையாது.

மூன்று கொட்டேஷன் வேண்டும் அல்லவா? கிள்ளானில் தம்புசாமி என்பவர் ஹைஃபை கடை வைத்திருந்தார். குழு மொத்தமும் கன்னையாவின் பழைய வேனில் ஏறிக் கிள்ளானுக்குப் போனது. தம்புசாமிக்கு வாயெல்லாம் பல்.

"வாங்க பாஸ், வாங்க ஆன்டி! உக்காருங்க. ஃப்ரண்ட்ல ரெண்டு ஸ்பீக்கர், சென்டர் ஒண்ணு, பின்னால ரெண்டு சரவுண்டு, மூலைல ஒரு சப்வூஃபர். வசனம் எல்லாம் சென்டர்ல வரும், சண்டை எல்லாம் சுத்தி வரும், இடி எல்லாம் சப்வூஃபர்ல வரும். இப்ப ஒரு டெமோ போடுறேன், கேளுங்க!"

அவர் பட்டனை அழுத்தியதுதான் தாமதம், சிவகுருநாதன் இரண்டு ஆட்காட்டி விரல்களையும் காதுக்குள் விட்டுக்கொண்டார்.

"நிப்பாட்டும்! நிப்பாட்டும்! சத்தத்தைக் கேட்டா என்ர தீர்ப்பு பக்கச்சார்பாப் போயிடும்!"

தம்புசாமி இருபது வருடமாக ஸ்பீக்கர் விற்றவர். காதைப் பொத்திக்கொண்டு ஸ்பீக்கர் வாங்க வந்தவரை இப்போதுதான் பார்க்கிறார். ஆனால் நல்ல வியாபாரி, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்ப என்ன பாத்து வாங்குவீங்க பாஸ்?"

"உம்மட்ட இருக்கிறதிலேயே பாரமான சப்வூஃபர் எத்தினை கிலோ?"

தம்புசாமியின் கண்கள் கடையின் பின்மூலைக்குப் போயின. அங்கே மூன்று வருடமாக யாரும் வாங்காத ஒரு கறுப்புப் பெட்டி, மேலே காலண்டரும் ஊதுபத்திக் கிண்ணமும் சுமந்துகொண்டு நின்றது. சிறிய பீரோ அளவு இருக்கும்.

"அறுபத்தெட்டு கிலோ பாஸ்" என்றார் பரவசத்துடன். "திருகாணி நாப்பத்தி நாலு!"

கொட்டேஷன்கள் ஒரு வாரத்தில் முத்திரையிட்ட உறைகளில் வந்து சேர்ந்தன. ஒன்று தம்புசாமி அண்ட் சன்ஸ், மற்றொன்று தம்புசாமி அண்ட் பிரதர்ஸ், மூன்றாவது திருமதி தம்புசாமி எண்டர்பிரைஸ். மூன்றும் ஒரே டைப்ரைட்டரில் அடிக்கப்பட்டிருந்தன. மூன்றிலும் ஒரே எழுத்து உடைந்திருந்தது.

"மூண்டும் ஒரே ஆள்தானே அப்பா?" என்றார் கனகேஸ்வரி.

"மூண்டு கொட்டேஷன் வேணும் எண்டுதான் விதி. மூண்டு ஆள் வேணும் எண்டு எங்கயாவது எழுதியிருக்கோ, காட்டும்."

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தம்புசாமி அண்ட் பிரதர்ஸ் வெற்றி பெற்றது. மற்ற இரு நிறுவனங்களுக்கும் வருத்தம் தெரிவித்து முறைப்படி கடிதங்கள் போயின. அவற்றையும் தம்புசாமியே பெற்றுக்கொண்டு, கடிதம் வந்து சேர்ந்ததாகக் கையெழுத்திட்டு அனுப்பினார்.

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது லோரி வந்து நின்றது. ஐந்து ஸ்பீக்கர்களும் ஓர் ஆம்ப்ளிஃபையரும் இறங்கின. சப்வூஃபரை நாலு பேர் தூக்கி வந்தார்கள். அறையின் சுவரெல்லாம் ஏற்கெனவே முட்டை அட்டைகள் ஒட்டப்பட்டிருந்தன. சத்தம் வெளியே போகாமல் இருக்க அதுதான் வழி என்று பங்சாரில் சொல்லியிருந்தார்கள். அதற்காகத் தெருவிலிருந்த ரொட்டி சானாய்க் கடைக்காரர் தினமும் முட்டை உடைத்து, அட்டை சேர்த்துக் கொடுத்தார். தெருவில் ஒரு மாதமாக முட்டை போட்ட ரொட்டி தெலூர் சாப்பிடாத ஆள் கிடையாது.

"இப்ப முக்கியமான வேலை, பாஸ்" என்றார் தம்புசாமி. "சப்வூஃபர எங்க வைக்கிறதுன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு ஒரு முறை இருக்கு. நீங்க உக்கார்ற சோபால சப்வூஃபர உக்கார வைக்கணும். நீங்க தரையில தவழ்ந்து ரூம சுத்தி வரணும். எங்க பேஸ், அந்த அடிச்சத்தம், நல்லா கேக்குதோ, அதான் சப்வூஃபருக்கு இடம்."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இது உண்மையான முறை. வெள்ளைக்காரன் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. சிவகுருநாதனுக்கு அது போதும்.

அவருக்குப் பக்கத்தில் உட்காரக் கனகேஸ்வரிக்கென்று தேர்ந்தெடுத்த இடத்தில் சப்வூஃபர் ஏறி அமர்ந்தது. ஓய்வு பெற்ற தலைமைக் கிராணி வேட்டியை மடித்துக் கட்டி, வாயில் பென்சிலைக் கவ்விக்கொண்டு தரையில் தவழ்ந்தார். பின்னால் தொழில்நுட்ப உறுப்பினரும் தவழ்ந்தார். கன்னையாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனால் பல்செட் உண்டு. எங்கே பல்செட் ஆடுகிறதோ அங்கே பேஸ் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

அந்த நேரம் பார்த்து, வாங்கிய சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த கன்னையாவின் மனைவி இராஜம்மா வாசலில் நின்று திகைத்துப் போனார்.

"என்னக்கா, ரெண்டு பேரும் தரையில தேடுறாங்க? என்ன தொலைஞ்சு போச்சு?"

"இவரின்ர முப்பத்தாறு வருஷ சர்வீஸ்" என்றார் கனகேஸ்வரி.

"ஆடுது சார்! ஆடுது!" என்று கன்னையா கத்தினார். பல்செட் கையோடு வந்துவிட்டது. அவர் இருந்த இடம் அறைக் கதவுக்கு நேர் முன்னால். அளந்து பார்த்தார்கள். சப்வூஃபரை அங்கே வைத்தால் கதவு திறக்காது.

"கதவு ஒண்டுதானே இருக்கு?" என்றார் கனகேஸ்வரி.

"எல்லாரும் உள்ள போன பிறகு சப்வூஃபரைத் தள்ளி வைப்பம். படம் முடிஞ்சதும் எடுப்பம்" என்றார் தலைவர். பல்செட் காட்டிய இடத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை.

இத்தோடு நின்றிருந்தாலும் தீபாவளிக்குப் படம் ஓடியிருக்கும். ஆனால் சிவகுருநாதன் ஒரு காரியம் செய்தார். அவரைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் அது. யாரும் கேட்காமலே, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டார்.

அப்படி ஓர் அனுமதி இருப்பதே அந்த அலுவலகத்துக்குத் தெரியாது. 'அதிர்வு, ஓசை மற்றும் பொதுக் கேளிக்கைக் கண்காணிப்புப் பிரிவு' என்று நீளமான பெயர்ப்பலகையின் கீழ் ஆறு பேர் நிம்மதியாக இருந்தார்கள். மூன்று பிரதிகளில், இணைப்புகளோடு, அறையின் வரைபடத்தோடு கடிதம் வந்ததும் அவர்கள் கலங்கிப் போனார்கள். இரண்டு வாரம் யோசித்து, இன்ஸ்பெக்டர் பக்கிரிசாமியை அனுப்பிவைத்தார்கள். அப்போது தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

பக்கிரிசாமி அறையைச் சுற்றிப் பார்த்தார். சப்வூஃபரைத் தட்டிப் பார்த்தார். முட்டை அட்டையை முகர்ந்து பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"சார், நீங்க எழுதலன்னா எங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

"அறிவிக்காமல் ஒரு காரியம் செய்யிறதோ?" என்றார் சிவகுருநாதன்.

"சரி, இப்ப அறிவிச்சிட்டீங்க. நான் பாக்காத மாதிரி போக முடியாது. இந்த ரூமுக்கு என்ன பேரு?"

"வீட்டுத் திரையரங்க அறை."

"படமும் சத்தமும் ஒரே ரூம்ல இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப இது தியேட்டர். தியேட்டருக்கு லைசன்ஸ் வேணும். நாலு வாசல் இருக்கணும், எட்டு வாளி மணல் இருக்கணும், ஆம்பள பொம்பளைக்குத் தனித்தனி டாய்லட் இருக்கணும், மேனேஜர் டை கட்டியிருக்கணும். பதினாலு மாசம் ஆகும்."

கனகேஸ்வரி தலையில் கை வைத்தார். சிவகுருநாதனோ பக்கிரிசாமியின் கையிலிருந்த பதினாறு பக்க விண்ணப்பப் படிவத்தையே கண்கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இவ்வளவு அழகான படிவத்தை அவர் பார்க்கவில்லை.

"வேற வழி இல்லையோ தம்பி? தீபாவளிக்கு நான் ஆசையா இருக்கிறன்" என்றார் கனகேஸ்வரி.

பக்கிரிசாமி இளகிய மனம் உள்ளவர். விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"ஒரு வழி இருக்கு ஆன்டி. சத்தம் மட்டும் இருக்கிற ரூமுக்கு லைசன்ஸ் வேணாம். அது ரேடியோ மாதிரி. படம் மட்டும் இருக்கிற ரூமுக்கும் வேணாம். அது சுவத்துல காலண்டர் மாட்டுற மாதிரி. ரெண்டும் ஒரே ரூம்ல சேர்ந்தாதான் பிரச்சன. படத்த ஹால்ல வைங்க. சத்தத்த இந்த ரூம்ல வைங்க. நடுவுல வயர் போகலாம், வயருக்கு விதி இல்ல."

"அற்புதம்!" என்றார் சிவகுருநாதன். "என்ர குழுவின்ர அதிகாரமும் சத்தம் மட்டும்தானே. டிவியை இடம் மாத்த எங்களுக்கு உரிமையே இல்லை!"

"அப்ப நான் எங்க இருக்கிறது?"

"உங்க விருப்பம் ஆன்டி. பாக்கணும்னா ஹால், கேக்கணும்னா ரூம்."

"இவருக்குப் பக்கத்தில இருக்கிறதெண்டா?"

பக்கிரிசாமி புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அது இதுல வரலயே" என்றார் உண்மையான வருத்தத்துடன்.

தீபாவளி வந்தது. காலையிலிருந்தே வீட்டில் கூட்டம். தெருவே வந்திருந்தது, கிள்ளானிலிருந்து தம்புசாமி குடும்பத்தோடு வந்திருந்தார், பங்சாரிலிருந்து ராதாகிருஷ்ணன் வந்திருந்தார். பக்கிரிசாமியும் வந்தார், முறுக்கு சாப்பிட்டுவிட்டு, ஹால் டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, அந்தக் குமிழின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார். ஹாலில் சத்தம் வந்தால் ஹால் தியேட்டராகிவிடும் அல்லவா?

சரியாக மூன்று மணிக்கு ஆண்கள் எல்லாரும் பின்னறைக்குள் போனார்கள். கனகேஸ்வரி வாசல் வரை போய் நின்றார். புதுப் புடவை, தலையில் பூ.

"நீங்களும் உள்ளயோ?"

"தலைவர் இல்லாம எப்படித் தொடங்கிறது கனகம்? நீர் ஹாலில இரும். ஒரே படம்தானே. ஒரே நேரம்தானே. நான் கேக்கிறன், நீர் பாரும். ரெண்டு பேரும் சேந்து பாத்த மாதிரித்தான்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளிருந்து நாலு பேர் முக்கி முனகிச் சப்வூஃபரைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. முட்டை அட்டை நன்றாக வேலை செய்தது.

உள்ளே, இருட்டில், பதினேழு ஆண்கள் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முதலில் தலைவர் வரவேற்புரை ஆற்றினார். பிறகு படம் ஆரம்பமானது, அதாவது சத்தம். இடது பக்கம் கார் வந்தது, வலது பக்கம் போனது. பின்னால் யாரோ ஓடினார்கள். நடுவில் ஒரு தகப்பன் தன் மகனைத் திட்டினான். சப்வூஃபர் ஒரு தடவை உறுமியதும் கன்னையா வாயைப் பொத்திக்கொண்டார். திரை எங்கே என்று யாராவது கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்காதபோது தான் மட்டும் கேட்டால் விஷயம் தெரியாதவன் என்று ஆகிவிடும் என ஒவ்வொருவரும் பயந்தார்கள்.

"பெர்ஃபெக்ட் சார்" என்றார் ராதாகிருஷ்ணன் இருட்டில். "எங்க வீட்ல படம் இருக்கிறதால சத்தத்துல மனசு நிக்க மாட்டேங்குது."

"ஆமா பாஸ், படம் ஒரு தொந்தரவு" என்றார் தம்புசாமி.

ஹாலில் பெண்கள் ஊமைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கனகேஸ்வரி பக்கத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். யாரையும் அதில் உட்கார விடவில்லை. அவருக்கு அழுகை அழுகையாக வந்தது. முப்பது வருடம் கோப்புக்கு விட்டுக் கொடுத்தாயிற்று, இப்போது ஒரு கறுப்புப் பெட்டிக்கும் விட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று மனம் குமுறியது.

"என்னக்கா, வாய் மட்டும் அசையுது, இவன் என்ன சொல்றான்?" என்று கேட்டார் இராஜம்மா.

திரையில் கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்து உருகிக்கொண்டிருந்தான். கனகேஸ்வரி கண்ணைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, தன் புருஷனின் அதே குரலில் பேசினார்.

"உம்மைக் கலியாணம் கட்ட எனக்கு ஆசைதான். ஆனா இன்னும் ரெண்டு பொம்பிளையளிட்ட கொட்டேஷன் எடுக்க வேணும்."

இராஜம்மா வாயிலிருந்த முறுக்கு தெறித்து விழுந்தது. அப்புறம் என்ன, ஹால் களைகட்டிவிட்டது. இராஜம்மா வில்லனானார். தம்புசாமியின் மனைவி மாமியாரானார். நீதிமன்றக் காட்சியில் நீதிபதி எல்லாரையும் தரையில் தவழச் சொன்னார். சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது. காலியாக விட்ட இடத்தில் பலகாரத் தட்டு வந்து உட்கார்ந்தது.

படம் உச்சக்கட்டத்துக்கு வந்தது. பின்னறையில் வசனம் நின்றது. நீண்ட அமைதி. சுவர்க்கடிகாரம் மட்டும் இடது பக்கம் துடித்தது. திடீரென்று 'டும்' என்று ஒரு வெடி. பிறகு 'தொம்' என்று ஏதோ விழுந்தது.

"யார் செத்தது?" என்று கேட்டார் சிவகுருநாதன்.

யாருக்கும் தெரியவில்லை. "கனமான ஆளு சார்" என்றார் தொழில்நுட்ப உறுப்பினர், பல்செட்டைத் தடவியபடி.

"கதவத் திறந்து ஹால்ல எட்டிப் பாத்துரலாமே" என்றார் பக்கிரிசாமி.

"சப்வூஃபரை இடையில நகர்த்திறதெண்டா குழு கூடித் தீர்மானிக்க வேணும். குழு கூடச் செயலாளர் வேணும்."

"செயலாளர் எங்க?"

"கதவுக்கு வெளியில."

எல்லாரும் தலையாட்டினார்கள். நியாயம்தானே.

படம் முடிந்து கதவு திறந்ததும் முதல் ஆளாக ஓடி வந்தவர் சிவகுருநாதன்தான். ஹாலில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், சிரித்த கண்ணீர்.

"கனகம், கடைசியில ஆர் செத்தது? தகப்பனோ, மகனோ?"

கனகேஸ்வரி அவரை நிதானமாகப் பார்த்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"எழுத்தில கேளுங்கோ. மூண்டு பிரதி."

சிவகுருநாதன் கோபப்படுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ, நியாயமான கோரிக்கை என்பதுபோல் மேஜைக்குப் போய், கார்பன் தாள் வைத்து எழுத உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை இட்டலித் தட்டோடு பதில் வந்தது. 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. விஷயம் பரிசீலனையில் உள்ளது.'

உண்மை என்னவென்றால், தகப்பன் மகனைச் சுட்டதைக் கனகேஸ்வரி பார்த்தார். ஏன் சுட்டான் என்று அவருக்குத் தெரியாது. சிவகுருநாதனுக்கு ஏன் என்று தெரியும், யாரை என்று தெரியாது. அதே ஊரில், அதே வீட்டில், ஆளுக்குப் பாதிப் படத்தோடு இருவரும் ஒரு வருடம் இருந்தார்கள். கேசட் கடை நூறு அடி தூரத்தில் இருந்தது. அந்தக் கேசட்டை மறுபடி எடுத்து வருவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகிவிடுமே என்று இருவருமே எடுக்கவில்லை.

இதற்கிடையில் நாடு முன்னேறியது. பக்கிரிசாமி தன் அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அலுவலகம் அதைப் படிக்காமல் மெச்சி, எல்லா வீடுகளுக்கும் முன்மாதிரி ஏற்பாடாகச் சுற்றறிக்கை அனுப்பியது. சுற்றறிக்கை வந்ததும் பங்சாரில் அது பேஷனாகிவிட்டது. படத்துக்கு ஓர் அறை, சத்தத்துக்கு ஓர் அறை. ஒரே அறையில் இரண்டையும் வைத்திருப்பவர்களை ஏதோ தோட்டத்து லைன் வீட்டுக்காரர்களைப் போலப் பார்க்க ஆரம்பித்தார்கள். பூச்சோங்கில் புதுத் தாமான் குடியிருப்புகளில் 'இரட்டைத் திரையரங்க வசதியுடன்' என்று விளம்பரம் போட்டு வீடு விற்றார்கள். தம்புசாமி ஸ்பீக்கரை எல்லாம் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை வைத்து விற்றார்.

அடுத்த தீபாவளிக்கு ராதாகிருஷ்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. புது ஏற்பாட்டின் திறப்பு விழா. உறைக்குள் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்றில் 'ஒலி' என்றும் மற்றதில் 'ஒளி' என்றும் பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

பங்சார் வீட்டு வாசலில் டை கட்டிய ஒருவர் அவர்களை இரண்டாகப் பிரித்தார். சார் இந்தப் பக்கம், மேடம் அந்தப் பக்கம். சிவகுருநாதன் நாலடி நடந்தார். திரும்பிப் பார்த்தார். கனகேஸ்வரி கையில் அட்டையோடு தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த ஏதோ ஒன்று அவருக்கு அப்போது பொறுக்க முடியாமல் போயிற்று. அந்த மனுஷி இத்தனை வருடம் கேட்டது இடியையும் மின்னலையும் அல்ல, பக்கத்தில் ஓர் ஆளைத்தான்.

அவர் ஓடிப் போய்க் கனகேஸ்வரியின் கையைப் பிடித்தார்.

"ராதாகிருஷ்ணன்! எங்களுக்கு ரெண்டு நாற்காலி, ஒரே அறையில போடும். படமும் வேணும், சத்தமும் வேணும், இவாவும் எனக்குப் பக்கத்தில இருக்க வேணும்."

கனகேஸ்வரி கையை விலக்கிக்கொள்ளவில்லை.

ராதாகிருஷ்ணனின் முகம் வெளுத்தது. சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், சார், படம், சத்தம், மனைவி, மூணும் ஒரே ரூம்லயா? இப்ப அதுக்கு லைசன்ஸ் வேணுமே சார். உங்க லெட்டர வச்சுத்தான சட்டமே போட்டிருக்காங்க."

சிவகுருநாதன் ஒரு கணம் யோசித்தார். கனகேஸ்வரியின் கையை விடாமலே, மற்றக் கையால் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஃபாரத்தைத் தாரும்" என்றார்.

"பேரை ஒழுங்கா எழுதுங்கோ" என்றார் கனகேஸ்வரி. "எனக்கும் ஒண்டு தாங்கோ தம்பி, நானும் தனியாப் போட்டு வைக்கிறன். எது முதல்ல கிடைக்குதோ."

டை கட்டியவர் உள்ளே போய்ப் படிவக் கட்டைத் தூக்கி வந்தார். அதற்குள் ஒலி அறையிலிருந்தும் ஒளி அறையிலிருந்தும் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, தங்கள் தங்கள் ஜோடியைத் தேடிப் பிடித்து, அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.